ஊருக்குப் போகும்போது ஏன் எப்போதும் தேவைக்கு அதிகமாக மூட்டை கட்டுகிறோம்? குறைக்க என்ன வழி?

இதைக் கேட்டவர் வீட்டில் பெட்டி கட்டாதவர் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இதே கேள்வியை என்னிடம் கேட்பவர், தன் ஷேவிங் செட்டைக்கூட எடுத்து வைக்காதவர். அதனால் சொன்னேன்.

தேவைக்கு அதிகம் என்று யார் முடிவு செய்வது? போன தை மாதம் நான், வீட்டுக்காரர், மாமியார், பையன் நாலு பேரும் காசிக்குப் போனோம். ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸ் போகும் வாராந்திர ரயில், திருச்சியில் ஏறினோம், ஸ்லீப்பர். ஏசி பெட்டியில் கம்பளி, தலையணை எல்லாம் ரயில்வேயே கொடுக்கும். ஸ்லீப்பரில் நாம்தான் சுமக்க வேண்டும். அந்த மாதத்தில் காசியில் ராத்திரிக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். ஆக ஆளுக்கொரு கம்பளி, ஸ்வெட்டர், மாமியாருக்கு வெந்நீர்ப் பை. அப்புறம் புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, ஒரு சின்ன ரைஸ் குக்கர். (குக்கர் தங்குமிடத்துக்கு. ரயிலில் சமைத்தேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

"காசியில கடையே இல்லையா?" என்று வீட்டுக்காரர் ஸ்டேஷன் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஜபல்பூர் தாண்டியதும் மூடுபனி. வண்டி நின்று நின்று ஊர்ந்தது. நடு வயலில் நிற்கிற வண்டிக்கு எந்தக் கடை வரும்? எங்களுக்குப் போக, எதிர் சீட்டில் இருந்த வயதானவர்களுக்கும் சப்பாத்தி கொடுத்தோம். "தொக்கு இன்னும் இருக்கா?" என்று முதலில் கேட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லையா என்பீர்கள். ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை இலவசம். நாலு டிக்கெட்டுக்கு 160. எங்கள் மூட்டை அதில் பாதிகூட வராது. விமானத்தில் போகிறவர்களுக்கு என் பதில் பொருந்தாது, உள்நாட்டில் பெரும்பாலும் 15 கிலோவோடு நிறுத்திவிடுவார்கள்.

குறைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவரவர் பையை அவரவரே கட்டி, அவரவரே தூக்க வேண்டும். பையனிடம் அப்படிச் சொன்னதும் அவன் துணி பாதியாகிவிட்டது. அவன் அப்பா இன்னும் வழிக்கு வரவில்லை.

சக்கரம் வைத்த பெட்டி வாங்கினால் பாரமே தெரியாது என்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் புதுப் பெட்டியின் சக்கரம் திருச்சி ஜங்ஷனிலேயே கழன்று ஓடியது. கடையில் கேட்டால், வாரண்டி பெட்டிக்குத்தானாம், சக்கரத்துக்கு இல்லையாம். சக்கரத்துக்காகத்தானே ஐயா அந்த விலை கொடுத்தேன்? பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.