ஐ-பில் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டுமா? தமிழ்நாட்டில் தடையா?

சீட்டு வேண்டாம், தடையும் இல்லை. ஆனாலும் கடையில் "இல்லை" என்று சொல்லித்தான் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கையில் நேரம் குறைவாக இருக்கும் என்பதால் முதலில் அவசியமானதைச் சொல்லிவிடுகிறேன். ஐ-பில் என்பது உறவுக்குப் பிறகு கரு தங்காமல் இருக்கப் போடும் அவசரக் கருத்தடை மாத்திரை. உள்ளே இருக்கும் மருந்து 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், ஒரே மாத்திரை. உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போட வேண்டியிருக்கும்.

இனி என் கதை. தாம்பரம் பக்கம் இருக்கிறோம். சிசேரியன் ஆகி ஏழு மாதம், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்ததுக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும், தையல் போட்ட இடம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு வியாழக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. காலையில் கணவர் வேலைக்குப் போக, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன்.

கேட்டதும் கவுன்டரில் இருந்த பையன் என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தான். தாலி தெரிந்த பிறகு உள்ளே திரும்பி, "அண்ணே, இவங்க ஐ-பில் கேக்குறாங்க" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். முதலாளி வந்து, "அதெல்லாம் தமிழ்நாட்டுல பேன்மா. கலைக்கிற மாத்திரையெல்லாம் நாங்க வெக்கிறதில்ல" என்றார். பக்கத்தில் இருமல் மருந்து வாங்க நின்ற பெரியவர் குழந்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்தடுத்த கடைகளிலும் இதே பதில்தான். ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "பெங்களூருல யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

என் தங்கை அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஹாஸ்டல் தெருவில் இருந்த கடையில், தலைவலி மாத்திரை வாங்குவது போல வாங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்பி வந்தாள். சனிக்கிழமை விடிந்ததும் போட்டேன். ஒருநாள் வாந்தி வருகிற மாதிரி இருந்தது, மாதவிலக்கு நாலு நாள் தள்ளி வந்தது, அவ்வளவுதான். பெங்களூரில் தங்கை இல்லாத பெண் என்ன செய்வாள்? அதை நினைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

"கலைக்கிற மாத்திரை" என்று அந்தக் கடை முதலாளி சொன்னது தவறு. இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது அல்லது தடுக்கிறது. கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. கலைப்புக்கு மிஃபெப்ரிஸ்டோன், மிசோபிராஸ்டால் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம், அது சரியும்கூட. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் இந்தப் பிரச்சினையே ஆரம்பித்தது. அவசரக் கருத்தடை மாத்திரையை 2005-லேயே மத்திய அரசு சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்துவிட்டது. 2007-ல் ஐ-பில் சந்தைக்கு வந்து டிவியில் விளம்பரமும் ஓடியது. அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் கெடுபிடி வந்து, கடைக்காரர்கள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள். எழுத்தில் இல்லாத தடையைப் பயமே நடத்திக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் சீட்டு கட்டாயமாகப் போகிறது என்று செய்தி பரவியபோதும், விதியில் மாற்றமில்லை என்றுதான் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விளக்கம் கொடுத்தது.

"இப்படிச் சொல்லித்தான் பொண்ணுங்களைக் கெடுக்கிறீங்க" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். வாரா வாரம் போடச் சொல்லி நான் எழுதவில்லை. அவசரத்துக்கு உள்ளது இது. பால்வினை நோயைத் தடுக்காது, வழக்கமான கருத்தடைக்கு ஈடும் ஆகாது. கல்யாணம் ஆகாத பெண் கேட்டாலும் என் பதில் இதேதான். கேட்பவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பார்ப்பது மருந்துக்கடையின் வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் வலியோடு படுத்திருந்தேன், கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட அப்போதே கையெழுத்துப் போடு என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றதற்கு, "அடுத்த வருஷமே வந்து நிப்ப" என்று வார்டே கேட்கத் திட்டு. கணவரிடம் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றாலும் பெண்கள்தான். ஆண்கள் செய்துகொள்வது நம் மாநிலத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. வயிற்றை அறுத்த உடம்புக்கு மறுபடி ஆபரேஷன் என்று மாமியார் பேச்செடுத்தபோது, "அவருக்குச் செய்யலாமே, பத்து நிமிஷ வேலை" என்றேன். மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடை கடையாக அலைந்து நேரத்தை விடாதீர்கள். புதுச்சேரியிலோ பெங்களூரிலோ தெரிந்தவர் இருந்தால் இப்போதே போன் போடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள், அரசின் இலவசக் கருத்தடைப் பொருட்களில் இதுவும் உண்டு. 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் என்றால் மகப்பேறு டாக்டரிடம் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், மாத்திரையை விட அது நன்றாகவே வேலை செய்யும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர் பரிசோதனை கிட் வாங்கிப் பாருங்கள். அதை எந்தக் கடையிலும் மறுக்காமல் கொடுப்பார்கள்.