பைக்கில் சைலன்சர் சத்தமாக இருந்தால் மற்ற வண்டிக்காரர்கள் ஒதுங்குவார்கள் என்கிறார்களே, உண்மையா? பளிச்சென்ற உடை உதவுமா?

சத்தத்தை நம்பாதீர்கள். கண்ணில் படுவது உதவும், ஆனால் எல்லா இடத்திலும் உதவாது. தினமும் பைக்கில் போகிறவன் நான். அதற்கு முன் 11 ஆண்டுகள் திருப்பூருக்கு நூல் மூட்டை ஏற்றிய வேன் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு மாலை காரணம்பேட்டையில் வலப்புறம் திரும்பினேன். எதிரே வந்த லாரிக்காரர் நிறுத்திக் கை காட்டினார். அவர் வண்டியின் மறைவிலிருந்து ஒரு பைக் வந்து என் வேனின் இடப்பக்கத்தில் மோதியது. பையன் சைலன்சரை மாற்றியிருந்தான். தெருவே அதிரும் சத்தம். தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தவன் என்னிடம் கேட்டான்: "வண்டிச் சத்தம் கேட்கவில்லைங்களா அண்ணா?" எனக்குக் கேட்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றியிருந்தேன், இருக்கைக்கு அடியில் டீசல் என்ஜின் இரைந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. ஆபத்து முன்பக்கம் இருக்கிறது. ஹாரி ஹர்ட் குழுவினர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். 1981-ல் வந்த அவர்களது அறிக்கைப்படி, முக்கால் பங்குக்கும் மேற்பட்ட விபத்துகளில் ஆபத்து ஓட்டுநரின் முன்னால், இருபுறமும் 45 டிகிரிக்குள் இருந்தது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எழுப்பும் இரைச்சல் அங்கே என்ன செய்யும்? பாவம், சாலையோர வீட்டில் தூங்கும் குழந்தைதான் விழித்துக்கொள்ளும்.

உடைக்கு வருகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயம்படும் அபாயம் 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலில் விளக்கு எரியவிட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. நம் நாட்டிலும் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு தானாகவே எரிகிறது. பழைய வண்டியாக இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து கறுப்பு ஜெர்கினில் வரும் பனியன் கம்பெனிப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

ஆனால் மாலையில் கோவையிலிருந்து சூலூர் பக்கம் வரும்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்; எந்த நிறச் சட்டையும் தெரியாது. அன்று அந்தப் பையன் மஞ்சள் சட்டை போட்டிருந்தாலும் லாரிக்கு அப்பால் எனக்குத் தெரிந்திருக்காது. லாரிக்காரர் கையை நம்பி, எட்டிப் பார்க்காமல் திரும்பியது என் தவறு. சந்திப்பில் ஒரு லாரி திடீரென நின்றால், அதன் மறுபுறம் யாரோ குறுக்கே வருகிறார் என்று வைத்துக்கொண்டு வேகத்தை நடை அளவுக்குக் குறையுங்கள். நான் இப்போது அப்படித்தான் கடக்கிறேன், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும்.