தீபாவளிக்கு மறுநாள் காந்தம் இழுங்க

கேள்வி: வணக்கமுங்க சார். எங்க ஊரு தாராபுரம் பக்கமுங்க. ரெண்டு ஜெர்சி கிராஸ் மாடு, ஒரு கெடேரி, பதினாலு வெள்ளாடு, கொஞ்சம் நாட்டுக்கோழி இருக்குதுங்க. வீட்டுக்காரர் திருப்பூர் கம்பெனிக்குப் போயிருவாரு, பண்டம்பாடியெல்லாம் நாந்தான் பாத்துக்கறேன். போன தீபாவளிக்கு பக்கத்து வீட்டுப் பசங்க சரவெடி வெச்சதுல பெரிய மாடு மிரண்டு கயித்த அத்துக்கிட்டு சிமெண்ட் தரையில வழுக்கி விழுந்திருச்சுங்க. இருபது நாள் கழிச்சு ஏழு மாசத்துல கன்னு வீசிருச்சு. இன்னொரு மாடு மூணு நாளைக்கு பாலை அடக்கிக்கிச்சு. இப்ப அந்தப் பெரிய மாடு மறுபடி எட்டு மாச சினை, பால் வத்த விட்டாச்சுங்க. தீபாவளிக்கு மூணு வாரந்தான் இருக்குது, நெனச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது. மருந்துக்கடைக்காரர் ஒரு ஊசி இருக்குது, சாயங்காலம் போட்டுட்டா விடியற வரைக்கும் மாடு அசையாம கெடக்கும்ங்கறாரு. போடலாமுங்களா? எந்த மயக்க ஊசி நல்லதுன்னு சொல்லுங்க சார்.

பதில்: தங்கச்சி, எந்த ஊசியும் வேண்டாம். அந்தக் கடைக்காரர் சொல்றது அனேகமா சைலசினா இருக்கும், பெரிய பிராணிகளை படுக்க வைக்க என்னை மாதிரி மாட்டு டாக்டருங்க போடறது. குதிரைக்குப் போடற அளவுல பத்துல ஒரு பங்கு போட்டாலே மாடு சாஞ்சிடும், அந்த அளவுக்கு மாட்டுக்கு அது ஜாஸ்தி வேலை செய்யும். சாஞ்சு ரொம்ப நேரம் கெடந்தா வயிறு உப்பும், அசை போட வந்தது தொண்டைல போயி அடைக்கும். அதெல்லாம் விடுங்க, கடைசி மூணு மாச சினைல அந்த மருந்து கர்ப்பப்பையைப் பிடிச்சு இறுக்கும், கன்னு வீசிடக்கூடாதுன்னு பயந்து நீங்க போடற ஊசியே கன்னை வெளியே தள்ளிரும். மாடு எத்தனை மாச சினைன்னு அவரு கேட்டாரா? கேட்டிருக்க மாட்டாரு. நான் பாத்தவரைக்கும் கவுன்டருக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டு மாட்டைப் பாக்காமயே வைத்தியம் சொல்றதுல நம்ம ஊர் மருந்துக்கடைங்களை அடிச்சிக்க ஆளில்ல. அடுத்து "ஸ்டீராய்டு ஒன்னு போட்டா தெம்பா இருக்கும்"னு வருவாங்க, நெறமாச சினைக்கு அதுவும் கன்னைத் தள்ளும். பால் அடக்குற மாட்டுக்கு ஆக்சிடோசின் பாட்டிலை எடுத்து நீட்டுவாங்க, அது டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத மருந்து.

போன வருஷம் கன்னு வீசினதுக்கு வெடிதான் காரணம்னு நீங்க முடிவே கட்டிட்டீங்க. எனக்கு அதுல சந்தேகம் இருக்கு. விழுந்து வயித்துல அடிபட்டிருந்தா ரெண்டு மூணு நாள்லயே ஏதாவது தெரிஞ்சிருக்கும், இருபது நாள்ங்கறது கொஞ்சம் நீளம். ஏழு மாசத்துல வீசினா மொதல்ல நாங்க சந்தேகப்படறது கன்று வீச்சு நோயை, புருசெல்லோசிஸ்னு சொல்றது. அன்னைக்கு யாராவது ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்களா, நீங்க எழுதல. இப்பவாவது ஆஸ்பத்திரில சொல்லி ரெண்டு மாட்டுக்கும் எடுக்கச் சொல்லுங்க. அந்த நோய் மனுசனுக்கும் ஒட்டும், விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மூட்டெல்லாம் வலிக்கும், அதனால இந்த தடவை கன்னு ஈனும்போது நஞ்சுக்கொடியை வெறுங்கையில தொடாதீங்க, பாலைக் காய்ச்சாம குடிக்காதீங்க. கெடேரிக்கு வயசு என்னன்னும் எழுதல. நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள இருந்தா தடுப்பூசி உண்டு, ஒரே தடவைதான், தாண்டிட்டா போச்சு.

சரி, சத்தத்துக்கு வருவோம். மாட்டை இழுத்துக் கட்டாதீங்க, கழுத்துல உருவாஞ்சுருக்கு போடவே போடாதீங்க, மிரண்டு இழுத்தா இறுகிரும். ஒரே இழுப்புல அவுந்துடற மாதிரி முடிச்சுப் போட்டு, அந்த ராத்திரி மட்டும் நீங்களே கட்டுத்தரையில உக்காந்துக்கங்க, பழகின ஆளு வாசம் பக்கத்துல இருந்தாலே பாதி மிரட்சி அடங்கிரும். அந்த சிமெண்ட் தரையில பழைய சாக்கோ ரப்பர் மேட்டோ விரிங்க, ஏன்னா வெடிச் சத்தத்தைவிட வழுக்குற தரைதான் உங்க மாட்டுக்கு ஆபத்து. லைட்டை எரிய விடுங்க, இருட்டுல பளிச்னு வெளிச்சம் வந்தாதான் அதிகமா மிரளும். ரேடியோ இருந்தா இன்னைக்கே பாட விட்டு பழக்குங்க, அன்னைக்கு திடுதிப்புன்னு போட்டா அதுக்கும் சேத்து மிரளும். தமிழ்நாட்டுல 2018-ல இருந்து காலைல 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8னு வெடிக்க நேரம் வெச்சிருக்காங்க, நம்ம ஊர்ல கடிகாரம் பாத்து வெடிக்கிற ஆளை நான் இன்னும் பாக்கல, இருந்தாலும் கறவைய விடியறதுக்கு முன்னயும் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ளயும் முடிச்சிருங்க. மாடு பயந்தா பால் சுரக்க வைக்கிற சுரப்பு அடங்கிரும், அது நம்மகிட்ட கோவிச்சுக்கிட்டு அடக்கறதில்ல, அரை மணி நேரம் சும்மா விட்டு மறுபடி மடி கழுவுனா தானா எறங்கும். வெள்ளாட்டுப் பட்டிலயும் கோழிக் கூட்டுலயும் மூலையை அட்டை வெச்சு வளைச்சு விடுங்க, எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒன்னுமேல ஒன்னு ஏறித்தான் சாகும்.

பக்கத்து வீட்டுப் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, சண்டைக்குப் போகாம. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடுல, பறவைங்க சரணாலயத்தைச் சுத்தி இருக்கிற சனங்க தீபாவளிக்கு வெடி வெக்கறதில்ல. சிவகங்கைச் சீமைல கொள்ளுக்குடிப்பட்டிலயும் அப்படித்தான், வேட்டங்குடிக்கு வர்ற பறவைங்களுக்காக. எங்கிருந்தோ வர்ற நாரைக்கே ஒரு ஊரு விட்டுக்கொடுக்குது, பக்கத்து வீட்டுச் சினைமாட்டுக்கு ரெண்டு பசங்க நூறடி தள்ளிப் போய் வெடிக்க மாட்டாங்களா என்ன.

இனிமே நீங்க கேக்காத விசயத்துக்கு வர்றேன், எனக்கு அதுதான் முக்கியம். நீங்க பயப்படற வெடி ஒரு ராத்திரியோட போயிரும். நான் பயப்படறது கம்பி மத்தாப்புக்கு. சத்தமே இல்ல, கொழந்தைக்கு பாதுகாப்புன்னு நாமளே வாங்கிக் கையில குடுக்கறோம் பாருங்க, அது. பத்து சென்டிமீட்டர், பதினஞ்சு, முப்பதுன்னு பொட்டி பொட்டியா வருது. எரிஞ்சு முடிஞ்சதும் கொழந்தை அதை எங்க போடும்? சூடு தாங்காம அப்படியே வாசல்ல வீசும். மறுநாள் நீங்க கூட்டிப் பெருக்கி குப்பைக்குழில தள்ளுவீங்க. குப்பை எருவாகி புல்லுக்காட்டுக்குப் போகும். அங்க நேப்பியர் புல்லோ சோளத்தட்டோ அறுக்கும்போது கட்டோட சேந்து கம்பியும் வரும், அதை சாஃப் கட்டர்ல, தீனி நறுக்குற மெஷின்ல, விட்டீங்கன்னா முழுக்கம்பி ரெண்டு ரெண்டு இஞ்சு ஊசியா வெட்டுப்பட்டு வெளிய விழும். மாடு ஆடு மாதிரி உதட்டால பொறுக்கித் திங்கற சாதி கிடையாது, நாக்கைச் சுழட்டி அள்ளி முழுங்கிரும். உள்ள போனது தேன்கூடு மாதிரி இருக்கிற ரெண்டாவது வயித்துல போய் விழும். அந்த வயித்துக்கும் இருதயத்துக்கும் நடுவுல ஒரு உதரவிதானம்தான், சில சென்டிமீட்டர் தூரம்.

இதை ஏன் உங்களுக்கு இவ்வளவு சொல்றேன்னா உங்க மாடு எட்டு மாச சினை. கன்னு பெருசாகப் பெருசாக கர்ப்பப்பை வயித்தை முன்னால தள்ளும், சும்மா கெடந்த கம்பி அப்பத்தான் குத்த ஆரம்பிக்கும், ஈனும்போது முக்குற முக்கல்ல மீதியும் ஏறிரும். போன வருஷத்துக் கம்பி இந்த வருஷம் சினைல வேலையக் காட்டும், யாருக்கும் தீபாவளி ஞாபகமே வராது.

நானே ஒரு தடவை ஏமாந்திருக்கேன். பல வருஷத்துக்கு முன்ன, தை மாசம், கன்னு போட்டு பத்து நாள் ஆன கறவை மாடு. தீனி எடுக்கல, லேசா காய்ச்சல், பால் சட்டுனு பாதியாயிருச்சு. அஜீரணம்னு நெனச்சு நான் ரெண்டு நாள் அதுக்கே மருந்து குடுத்தேன். மாட்டுக்காரப் பெரியவர் நடுவுல கடைக்குப் போய் லிவர் டானிக், பசி பவுடர், கால்சியம் பாட்டில்னு ஒரு பை நெறைய வாங்கிட்டு வந்து ஊத்துனாரு. அந்தப் பையில இருந்த காசுக்கு ஒரு நல்ல கெடா வாங்கியிருக்கலாம். நாலாவது நாள் போறேன், மாடு முன்னங்கால் முழங்கையை வெளிய விரிச்சுக்கிட்டு முதுகைக் கூனிக்கிட்டு நிக்குது, பள்ளத்துல எறங்கச் சொன்னா மாட்டேங்குது, நெஞ்சுக்குக் கீழ தாடி தொங்குற எடத்துல விரல் வெச்சு அமுக்குனா பள்ளம் விழுது. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அதுக்கு மேல செய்ய ஒன்னும் இல்ல. செத்தப்புறம் அறுத்துப் பாத்தா இருதயத்தைச் சுத்தியிருக்கிற பையில சீழு, அதுக்கு நடுவுல கருத்துப்போன ஒரு கம்பி, ஒரு முனையில மட்டும் சாம்பல் கலர்ல பொறுக்கு ஒட்டியிருக்கு. நான் கட்டுக்கம்பின்னுதான் நெனச்சேன். எட்டிப் பாத்துட்டு நின்ன பேரன்தான் சொன்னான், தாத்தா இது மத்தாப்புக் கம்பின்னு.

எல்லாக் கம்பியும் மத்தாப்புதான்னு நான் சொல்லல, வீடு கட்டுற எடத்துக் கட்டுக்கம்பியும் ஆணியும்தான் இன்னும் அதிகம். ஆனா கட்டுக்கம்பியை நாம யாரும் வருஷாவருஷம் காசு குடுத்து வாங்கி வாசல்ல எறைக்கறதில்ல.

பசங்களுக்கு மத்தாப்பு குடுங்க, வேண்டாங்கல. ஒரு பழைய பெயிண்ட் டப்பால ஆத்து மணல் ரொப்பி வாசல்ல வெச்சு, எரிஞ்ச கம்பியை அதுல குத்தச் சொல்லுங்க, கொழந்தைங்களுக்கு அது ஒரு விளையாட்டா இருக்கும். எத்தனை பொட்டி வாங்கினீங்களோ அத்தனை கம்பி டப்பால இருக்குதான்னு எண்ணுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டுற பக்கெட்டுல போடக்கூடாது. பட்டாசு மருந்துல நைட்ரேட் இருக்கு, வெடியுப்புன்னு பேரே இருக்கு பாருங்க, உப்புக் கரிக்கும், அதனாலயே மாடு நக்கும். பட்டாசுல கலக்கற பேரியம்ங்கற விஷ உப்புக்கு உச்சநீதிமன்றம் 2018-லயே தடை போட்டாச்சு, ஆனா சந்தையில பில் இல்லாம விக்கற பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. வெடிச்ச காகிதத்தை அன்னைக்கே கூட்டித் தனியா எடுத்துருங்க, எருக்குழிக்குப் போகக்கூடாது.

மறுநாள் காலைல பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தம் ரெண்டு வாங்கி, பழைய இரும்புக் கடையில கெடைக்கும், ஒரு கட்டைல வரிசையா கட்டி கயித்தால இழுத்துக்கிட்டு வாசல், களம், மாடு போற தடம், பக்கத்து வீட்டு வேலி ஓரம் பூரா ரெண்டு தடவை நடங்க. இன்னொரு காந்தத்தை சாஃப் கட்டர் வாயில, தீனி விழற எடத்துல நிரந்தரமா மாட்டிருங்க, வாரம் ஒரு தடவை தொடைச்சு விடுங்க. நான் போற ஊர்லயெல்லாம் இதைச் சொல்லி "காந்தக்காரர்"னே பேர் வாங்கிட்டேன், பரவால்ல.

மாட்டு வயித்துக்குள்ளயே போடற காந்தமும் இருக்கு. விரல் நீளத்துல வழவழன்னு உருளையா இருக்கும், டாக்டர் வாய்வழியா விழுங்க வெப்பாரு, ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் அங்கயே கெடந்து வர்ற கம்பியைப் பிடிச்சு வெச்சுக்கும். கெடேரிக்கு ஒரு வயசு ஆனதும் போடறது நல்லது. ஏற்கனவே போட்டிருக்கான்னு தெரியலைன்னா முழங்கைக்குப் பின்னால திசைகாட்டி வெச்சுப் பாருங்க, உள்ள காந்தம் இருந்தா முள்ளு ஆடும். ஸ்பீக்கர் காந்தத்தை ஒடைச்சுத் தீனில கலந்து குடுக்காதீங்க, சொன்னா சிரிப்பீங்க, குடுத்த ஆளை எனக்குத் தெரியும்.

உங்க பெரிய மாட்டுக்கு இன்னைக்கே ஒன்னு செஞ்சு பாருங்க. முன்னங்கால் மேல முதுகு ஆரம்பிக்கிற எடத்துல ரெண்டு கையாலயும் தோலைச் சேத்துக் கிள்ளுங்க. நல்ல மாடு முதுகைக் கீழ வளைச்சுக் குழையும். வளைக்காம வெறச்சு நின்னாலோ முனகுனாலோ கடைப்பக்கம் போகாம நேரா டாக்டரைக் கூப்பிடுங்க, ஆரம்பத்துல பிடிச்சா காந்தமும் மருந்துமே போதும், இல்லைன்னா வயித்தைத் திறந்து கம்பியை எடுக்கலாம், இருதயம் வரைக்கும் போனாத்தான் வழியில்ல.

ரத்த டெஸ்ட் ரிசல்ட்டும் கெடேரி வயசும் எழுதுங்க. காந்தத்துல எத்தனை கம்பி ஒட்டுச்சுன்னும் எண்ணி எழுதுங்க தங்கச்சி.