சமணக் கோயில்களின் கட்டடக்கலை காலந்தோறும் எவ்வாறு மாறியது?

சமணருக்கெனத் தனியான ஒரு கட்டடப் பாணி உண்டா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. அந்தந்த வட்டாரப் பாணியை ஏற்று, தம் வழிபாட்டுக்கேற்ப அதை மாற்றியமைத்ததே அவர்களின் தனிச்சிறப்பு.

தொடக்கத்தில் இருந்தவை துறவியரின் உறைவிடங்களே. கலிங்க மன்னன் காரவேலன் காலத்து ஒடிசாவின் உதயகிரிக் குகைகளும், தலைமாட்டில் தலையணை போல மேடு விட்டு வழுவழுப்பாக்கிய சித்தன்னவாசல் கற்படுக்கைகளும் அதற்குச் சான்று. 634இல் சமணப் புலவர் இரவிகீர்த்தி கர்நாடகத்தின் ஐஹொளெயில் எழுப்பிய மேகுடிக் கோயில், கல் அடுக்கிக் கட்டிய கட்டுமானக் கோயிலாக உயர்ந்துவிட்டது. குடைவரை மரபோ எல்லோராவின் இந்திரசபை என்னும் சமணக் குகையில் முழுமை பெற்றது.

பெரிய திருப்பம் ராஜஸ்தானின் அபு மலையில் நிகழ்ந்தது. 1031இல் அமைச்சர் விமலன் கட்டிய தில்வாராக் கோயிலில் முற்றத்தைச் சுற்றி, சமணர் வணங்கும் அருகர்களான தீர்த்தங்கரர் திருமேனிகளுடன் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. வெளிச்சுவர் வெறுமையானது, உள்ளே நிமிர்ந்து பார்த்தால், வளையம் வளையமாகக் கல்லை முன்னீட்டி அடுக்கிய விதானத்தில் கல்வித் தெய்வங்களான பதினாறு வித்யாதேவியர் சுற்றி நிற்க, நடுவில் பளிங்குத் தாமரை தொங்குகிறது. செல்வத்தையெல்லாம் உட்புறத்துக்கே தந்த இந்த அடக்கம் என்னை மிகவும் கவர்கிறது.

அதே ராஜஸ்தானில், 15ஆம் நூற்றாண்டின் ராணக்பூர்க் கோயிலில் கருவறையே நான்கு திசைகளிலும் திறந்தது. சமவசரணம் என்னும் தெய்விக அறவுரை மண்டபத்தில் தீர்த்தங்கரர் எல்லாத் திசையினருக்கும் முகம் காட்டி அறம் உரைத்தார் என்ற நம்பிக்கையே, முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரின் நான்முகத் திருமேனியைச் சுற்றி விரியும் அந்தத் தூண்காட்டின் அமைப்பாயிற்று.