பினாங்கு போன பெரிய தாத்தாவைத் தேட 40,000 ரூபாயா? முதலில் தாய்ப்பத்திரத்தைப் பிரியுங்கள்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தாவின் அண்ணன் 1930 வாக்கில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனார். அப்புறம் தகவலே இல்லை. எங்கள் வம்சாவளியைத் தயாரித்து, அவர் வாரிசுகளையும் கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். வெளிநாட்டு வம்சாவளி மாநாட்டில் கலந்துகொண்டவராம். டி.என்.ஏ. சோதனையும் அதிலேயே அடக்கமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணமென்று ஆயிரம் ரூபாய்கூட வேண்டாம்.

அவர் சொல்லும் மாநாடு அனேகமாக ரூட்ஸ்டெக். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. கொரோனா காலத்தில், 2021-இல், முழுக்க இணையத்திலேயே நடத்தினார்கள். அதிலிருந்து இணையவழி உரைகளுக்குக் கட்டணம் இல்லை. மின்னஞ்சல் முகவரி உள்ள யாரும் உட்கார்ந்த இடத்தில் பதிந்துகொள்ளலாம் என்பதால், கலந்துகொண்டதை ஒரு தகுதியாகச் சொல்வதற்கில்லை. அதை நடத்தும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளமும் இலவசம்தான். பழைய கையெழுத்தைக் கணினியே படித்து, உள்ளே இருக்கும் பெயரைத் தேடித்தரும் வசதியை 2024-இல் அங்கே அறிமுகப்படுத்தினார்கள். அருமையான வசதி. ஆனால் முதலில் அதில் ஏறியவை அமெரிக்க நில, உயில் ஆவணங்களும் மெக்சிகோ நோட்டரி ஆவணங்களும். மன்னார்குடிப் பத்திரப்பதிவுப் புத்தகம் அதில் இல்லை.

உங்கள் வம்சாவளி இருப்பது வீட்டுப் பெட்டியில். நிலத்தின் தாய்ப்பத்திரத்தை, முக்கியமாகப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுங்கள். எழுதிக்கொண்டவர் ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, ஜீவனம் எல்லாம் அதில் வரும். ‘௸’ என்ற குறி வந்தால் ‘மேற்படி’ என்று படியுங்கள். பூர்வீகச் சொத்தைப் பிரிக்கும்போது கப்பலேறியவரின் பங்கை விட்டுவிட முடியாது. அவருக்காக யார் பவர் ஏஜெண்டாகக் கையெழுத்துப் போட்டார், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துத் தனியாக விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாரா என்று பாருங்கள். அங்கேதான் அவருடைய மலேயா முகவரி, எஸ்டேட் பெயர் ஏதாவது அகப்படும். அவர் பெயரே காணோமென்றால், வேறொன்றை யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் பெரியப்பா மகனும் ‘அண்ணன்’தான். உடன்பிறந்தவராக இல்லாமல் பங்காளி வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கலாம்.

பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். ‘உள்ளே ஆள் இருந்தால்தான் பழைய நகல் கிடைக்கும்’ என்று வாசலில் சொல்பவரை நம்பாதீர்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் உள்ள 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்திருந்தால் அதற்கும் நீங்கள் மனுப்போடலாம்.

கஷ்டம் எங்கே என்றால், இணையத்தில் வில்லங்க விவரம் பல அலுவலகங்களுக்கு 1975-லிருந்துதான் தெரியும். அதற்கு முந்தியதைப் பெரிய புத்தகங்களைப் புரட்டிக் கையால்தான் தேட வேண்டும். வருடக் கணக்கில் தேடுதல் கட்டணம் விழும் என்பதால் ‘1925 முதல் 1945 வரை’ என்று சுருக்கிக் கேளுங்கள். சர்வே எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். அப்படி ஒரு அட்டவணை வைத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். இருந்தும் ‘சர்வே எண் இல்லாமல் முடியாது’ என்று மனுவைத் திருப்புகிறார்கள். நம் பாட்டன் பெயரை நாம் தெரிந்துகொள்ள இத்தனை நடை நடக்கவேண்டியிருப்பது பெரிய அநியாயம். அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மாவட்டம் என்று கேட்டால் தஞ்சாவூர் என்றே எழுதுங்கள், 1991 வரை எல்லாம் ஒரே மாவட்டம்.

ஜாதகம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘பிரமாதி ௵’ (௵ என்றால் வருஷம்) என்று மட்டும் இருந்தால் அது 1939-ஆகவும் இருக்கலாம், 1879-ஆகவும் இருக்கலாம். தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கமும் சேர்ந்துகொண்டால், இரண்டு தலைமுறை ஒரே ஆளாகிவிடும். காசுக்கு வம்சாவளி போடுபவர்கள் இப்படித்தான் நடுவில் ஒரு தலைமுறையை விழுங்கிவிடுகிறார்கள்.

மலேயாப் பக்கம் என்ன கிடைக்கும்? தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் (1860–1911) பிஜிக்கும் (1879–1916) ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு. தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம் எல்லாம் இருக்கும். புரோக்கர்கள் மாதிரிக்குக் காட்டுவது அதைத்தான். ஆள்சேர்க்கும் கங்காணியோடோ சொந்தச் செலவிலோ பினாங்கு போனவர்களுக்கு அப்படித் தேடிப்பார்க்கும் தொகுப்பு இணையத்தில் கிடையாது. அதற்குப் பதில் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாகத் தேடுங்கள். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. ஆங்கில இதழ்களில் பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள்: ராமசாமி, ராம்சாமி, ராமஸ்வாமி. ஊரை ‘டாஞ்சூர்’, ‘நெகபட்டம்’ என்று ஆங்கிலேயர் உச்சரித்தபடி போடுங்கள்.

டி.என்.ஏ. இப்போதைக்கு வேண்டாம். அங்கேயுள்ள பேரப்பிள்ளை யாராவது அதே நிறுவனத்தில் சோதனை செய்திருந்தால்தான் பொருத்தம் வரும். தவிர அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆளோடு நாலு வழியில் உறவு இருக்கும். தளம் அத்தனையையும் ஒன்றாகக் கூட்டி, தூரத்துப் பங்காளியை நெருங்கிய உறவென்று காட்டும். 23அண்ட்மி என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் 2023-இல் களவுபோனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது. எச்சிலைக் கொடுத்தபின் திரும்ப வாங்க முடியாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். உங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்ட பெண் யாராவது காரைக்கால், திருநள்ளாறு, நிரவி, திருப்பட்டினம், கோட்டுச்சேரி, நெடுங்காட்டுப் பக்கத்தவரா என்று கேளுங்கள். அந்த ஊர்கள் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே பிரெஞ்சில் பதிந்தார்கள். இந்தப் பக்கம் சாமானியக் குடும்பத்துக்குக் கிடைக்காத விவரமெல்லாம் அந்தப் பக்கம் இருக்கும். பழைய பதிவுகளில் ஒரு பகுதியை பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காலனி ஆவணக்காப்பகத் தளத்தில் இலவசமாகப் படமாகவே பார்க்கலாம். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்தவர்கள் நிரந்தரக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் பிள்ளை, பேரன் என்று மாறாமல் வரும் என்பதால் நம் இனிஷியல் குழப்பம் அங்கே இல்லை. அப்படி ஒரு சொந்தம் இருந்தால் நேராக அந்த ஊர் மேரிக்கு (நகராட்சி அலுவலகத்தை பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள்) போய்த் திருமணப் பதிவின் நகலை முதலில் கேளுங்கள். மாப்பிள்ளை, பெண் இரண்டு பக்கத்துப் பெற்றோர் பெயரும் அந்த ஒரே தாளில் இருக்கும்.