வெயில் கூடினால் தற்கொலை எண்ணம் கூடுமா?

கேள்வி: என் தம்பிக்கு பைபோலார் நோய் (மனம் ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கும், ஒரு சமயம் ஆழ்ந்து சோர்ந்துவிடும்), அதற்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். முன்பு ஒருமுறை தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. கோடை நெருங்கினாலே நிலைகொள்ளாமல் தவிக்கிறான். வானிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் சிறியது. குளிர்காலம்தான் மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்நாடுகள் பலவற்றில் தற்கொலைகள் உச்சம் தொடுவது வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான். மாதச் சராசரி வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் தற்கொலை விகிதம் அமெரிக்காவில் 0.7 சதவீதமும் மெக்சிகோவில் 2.1 சதவீதமும் கூடுவதாக 2018-இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இது ஒரு நாட்டு மக்கள்தொகையின் கணக்கு. உங்கள் தம்பியின் இன்றைய மனநிலையை அதிலிருந்து படிக்க முடியாது. நோயும், பழைய எண்ணமும், குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் வெயிலைவிடக் கனமானவை.

ஆகவே வெப்பமானியை விடுங்கள், தூக்கத்தைப் பாருங்கள். புழுக்கத்தில் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். பைபோலார் உள்ளவருக்கு அதுவே நோயைக் கிளப்பிவிடும். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பின்றித் திரிகிறாரா? அதோடு எரிச்சலும் நம்பிக்கையின்மையும் சேர்ந்திருக்கின்றனவா? மனம் சோர்ந்து உடல் பரபரக்கும் இந்தக் கலப்பு நிலையே மிக ஆபத்தானது. இரண்டு இரவு தொடர்ந்தால் அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.

அடுத்தது மாத்திரை. வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். பலருக்கும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. தண்ணீரை ஒரே சீராகக் குடிக்கட்டும், உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். தலைவலிக்கு ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் கூடாது, அவையும் அளவை ஏற்றிவிடும். கை பலமாக நடுங்கினால், வாந்தி, வயிற்றுப்போக்கு, குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இந்த அறிகுறிகள் இல்லாதபோது ‘வெயிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தாமாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. திடீர் நிறுத்தத்துக்குப் பின் நோயும் தற்கொலை ஆபத்தும் திரும்புகின்றன. ஒரு வார மாத்திரை மட்டும் அவர் கையில் இருக்கட்டும், மீதி உங்களிடம் பூட்டில் இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால் சுற்றிவளைக்காமல், “சாகணும்னு தோணுதா?” என்றே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. ‘ஆமாம்’ என்றால் வாதம் செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள், தனியே விடாதீர்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இருவரும் சேர்ந்தே அழைக்கலாம். எப்படி, எப்போது என்றுகூட யோசித்து வைத்திருந்தால் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.