முதலில் சுரண்டிப் பாருங்கள், பிறகு வண்ணம் பூசலாம்
வீட்டு அலங்காரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பத்தா காலத்து மர அலமாரி ஒன்று கன்னங்கரேலென்று கறுத்துக் கிடக்கிறது. மகள் அதைத் தன் அறைக்கு வெளிர் நீலத்தில் பெயிண்ட் அடித்துத் தரச் சொல்கிறாள். அடிக்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் அது என்ன மரம் என்று தெரிய வேண்டும். ஓர் இழுப்பறையை வெளியே எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். பொன்னிறம் கலந்த பழுப்பும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கும், தோல் பதனிட்டது போன்ற வாடையும் இருந்தால் தேக்கு. செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்த, வைரம் பாய்ந்த தேக்கு. அதன் மேல் தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயிண்ட் மரத்தின் துளைகளுக்குள் இறங்கிவிட்டால், பின்னால் எவ்வளவு இழைத்தாலும் முழுதாகப் போகாது. இழைக்க இழைக்கச் செதுக்கு வேலையின் விளிம்புகளும் மழுங்கிவிடும். மாமரம், பலா, பூவரசு என்றால் தாராளமாக அடிக்கலாம்.

கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மரம் கறுக்கவில்லை, அரக்கு பாலிஷின் மேல் விளக்குப் புகையும் கையெண்ணெயும் ஏறியிருக்கின்றன. உறுதி செய்துகொள்ள, கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்துப் பழுப்புச் சாயம் இறங்கினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால், பிற்காலத்தில் அடித்த லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் வார்னிஷ் அல்லது அதற்கும் புதிய பூச்சு.

அரக்காக இருந்தால் டர்பென்டைன் நனைத்த பருத்தித் துணியால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே துடையுங்கள். டர்பென்டைன் பிசுக்கைக் கரைக்கும், அரக்கைக் கரைக்காது. துணி கறுக்கக் கறுக்க மாற்றிக்கொண்டே இருங்கள். விடாப்பிடியான இடங்களுக்கு ‘0000’ எண் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் ஊல் போதும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கீறிவிடும். பாதி அலமாரிகள் இந்த அளவிலேயே மீண்டுவிடும். அதற்கு மேலும் பாலிஷ் தேவைப்பட்டால் 1 லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுக்க ஊறப் போட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, பஞ்சுப் பொதியால் மெல்லிய பூச்சாக எட்டு முதல் பத்து முறை கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிரும். ஈரக்காற்றில் உள்ள நீர் அதன் மேல் படிந்து பூச்சு வெள்ளை பூத்துவிடும்.

மகளின் நீலத்துக்கும் வழி இருக்கிறது. அலமாரியின் உள் முதுகுப் பலகை அளவுக்கு 4 மி.மீ. ப்ளைவுட்டை அறுத்து, அதில் நீலம் பூசியோ பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டை இழுத்து ஒட்டியோ உள்ளே செருகிவிடுங்கள். ஆணி வேண்டாம், இறுக்கமாக அறுத்தாலே நிற்கும். அவளுக்கு அலுத்துப்போனால் உருவி எடுத்துவிடலாம்.


கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரப்பர் மர அலமாரிக்கு எனாமல் பெயிண்ட் அடித்தேன். இரண்டே மாதத்தில் தோல் உரிவது போல் உரிந்து வருகிறது. பெயிண்ட் மட்டமானதா?
– வாசகர், புதுவயல்

பதில்: பெயிண்டைக் குறை சொல்ல முடியாது. பாளம் பாளமாக உரிந்தால், அடியில் இருந்த பளபளப்பைப் பெயிண்ட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கடையில் விற்கும் ரப்பர் மரச் சாமான்களில் பெரும்பாலும் மெலமைன் போன்ற கண்ணாடிப் பூச்சு இருக்கும். அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கோ மெழுகோ ஏறியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

உரிந்ததையெல்லாம் பட்டிக் கத்தியால் சுரண்டி எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிசுக்கை எடுக்காமல் உப்புத்தாள் போட்டால், பிசுக்கை மரத்துக்குள் தேய்த்து ஏற்றுவதாகத்தான் முடியும். அடுத்து 120 எண் உப்புத்தாள், பிறகு 220. மரம் வெளுக்கும்வரை தேய்க்க வேண்டாம். பளபளப்பு செத்து மங்கினால் போதும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் மின்னும் இடங்கள் தெரியும். அங்கேதான் திரும்ப உரியும்.

தூசியை ஈரத்துணியால் எடுத்து, மரப் பிரைமர் ஒரு பூச்சு. காய்ந்ததும் ஆணித் துளைகளுக்குப் பட்டி பார்த்து, 220-ல் லேசாகத் தேய்த்து, பட்டி வைத்த இடங்களில் மட்டும் மறுபடி பிரைமர். இதை விட்டால் அந்த இடங்கள் பெயிண்டை உறிஞ்சித் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு பெயிண்ட், இரண்டு மெல்லிய பூச்சு. கனமாக ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்று சுருங்கும். எனாமலுக்கு இரண்டு பூச்சுக்கும் நடுவே ஓர் இரவு இடைவெளி விடுங்கள். ஐந்தடி உயரம், மூன்றடி அகல அலமாரிக்கு அரை லிட்டர் பிரைமரும் 1 லிட்டர் பெயிண்டும் உள்தட்டுகளுக்கும் சேர்த்துப் போதும்.

தொட்டால் காய்ந்தது போல இருக்கும், நம்பாதீர்கள். ஒரு வாரத்துக்குக் கனமான எதையும் தட்டில் வைக்காதீர்கள். அடிப்பாகம் ஒட்டிக்கொண்டு பெயிண்டோடு வரும்.

இன்னொன்று. ரப்பர் மரத்தில் குண்டூசித் தலை அளவுத் துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளு விழுந்திருக்கிறது. பெயிண்டுக்கு முன்பே ஊசி சிரிஞ்சால் துளைகளுக்குள் மரப்பூச்சி மருந்தை இறக்கி, பாலிதீனால் சில நாள் சுற்றி வையுங்கள். பெயிண்டால் மூடிவிட்டால் பூச்சி சாகாது. அதையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.


கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் மங்குத் தட்டுகள் (எனாமல் பூசிய இரும்புத் தட்டுகள்) வாங்கிச் சுவரில் மாட்ட ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, செக்காலை

பதில்: அடிப்பக்கத்தைப் பாருங்கள். உண்மையிலேயே புழங்கிய தட்டில், தரையில் உராய்ந்த வட்டத்தில் மட்டும் தேய்மானம் இருக்கும். தட்டு முழுக்க ஒரே சீராகக் கீறலும் துருவும் இருந்தால் பழமை வரவைக்கப்பட்டது என்று சந்தேகப்படலாம். விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுப்பு இரும்பு தெரிவது குறையல்ல, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஆனால் பொருபொருவென்று துரு உதிர்ந்தால் வேண்டாம். துரு எனாமலுக்கு அடியிலேயே பரவிக்கொண்டு போகும்.

பெயர்ந்த தட்டில் சோறு போட்டுச் சாப்பிடாதீர்கள். அந்தக் காலத்துச் சிவப்பு, மஞ்சள் எனாமல்களில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். மாட்டுவதற்குத் துளை போடவும் கூடாது, துளையைச் சுற்றி எனாமல் சில்லு சில்லாகத் தெறிக்கும். தட்டு மாட்டும் ஸ்பிரிங் கொக்கி கிடைக்கும், அதுவே நல்லது. பெயர்ந்த இடங்களில் துருவைத் தேய்த்துவிட்டு நிறமில்லாத வார்னிஷை ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால் துரு நிற்கும்.


கேள்வி: பழைய ஜன்னல் கதவு ஒன்று வாங்கியிருக்கிறேன். பச்சை, நீலம் என்று பல பூச்சு பெயிண்ட். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து முகப்பில் மாட்டலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டில், அதிலும் பச்சை, மஞ்சள் பூச்சுகளில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உலர உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூச்சில் போகும். தரையில் தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்கும் போகும். தீச்சுடர் காட்டி உரிப்பது அதைவிட மோசம், ஈயம் புகையாகவே எழும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, திறந்த இடத்தில், தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். செதிலை நியூஸ் பேப்பரோடு சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், எடுக்கவே வேண்டாம். பச்சைக்கு அடியில் நீலம் எட்டிப் பார்ப்பதுதான் அந்தக் கதவின் அழகு. சோப்புத் தண்ணீரில் துடைத்து, தானாக உதிர்கிற செதிலை மட்டும் ஈரமாக எடுத்துவிட்டு, மேட் கிளியர் கோட் இரண்டு பூச்சு கொடுங்கள். வண்ணம் அப்படியே நிற்கும், தூளும் உதிராது.

கண்ணாடி 4 மி.மீ. போதும். இரண்டடிக்கு மூன்றடி என்றால் கண்ணாடி மட்டும் ஐந்தரை கிலோ வரும். பின்பக்கம் நாலு ஓரமும் மரப் பீடிங் அடித்துத் தாங்க வையுங்கள். சிலிக்கான் வைத்தால் ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள். காடி வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் கண்ணாடியின் ரசத்தை அரித்துக் கறுப்புப் புள்ளி விழ வைக்கும்.

முகப்புச் சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு என்றால் டிரில் போடாதீர்கள். பல அடுக்காகத் தேய்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சு பெயர்ந்தால் அதே பளபளப்பில் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. கதவைத் தரையில் நிறுத்திச் சாய்த்து வைத்து, மேல்பக்கம் மர உத்தரத்திலிருந்து கம்பியால் பிடித்துக்கொள்ளலாம்.


கேள்வி: வீடு கட்டியபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கற்கள் (தரை டைல்கள்) பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. மேசை செய்ய முடியுமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: அருமையாகச் செய்யலாம். எட்டங்குலக் கல் ஒன்பது எடுத்தால் இரண்டடிச் சதுரம். ஒரு கல் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. பலகையோடு சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். ஒல்லிக் கால் தாங்காது. ஒதுக்கிப்போட்ட தையல் மிஷினின் இரும்புக் கால் இதற்கென்றே செய்தது போல அமையும்.

பலகைக்கு 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட். வெறும் சிமென்ட் கலவையில் ஒட்டாதீர்கள். மரம் சுருங்கி விரியும், சிமென்ட் விரியாது, கல் கழன்றுவிடும். மரப்பலகைக்கு ஏற்றது என்று போட்டிருக்கும், வளைந்துகொடுக்கும் டைல் பசை கேளுங்கள். கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் கனம் கொஞ்சம் மாறும். முதலில் உலர அடுக்கிப் பூவைச் சேர்த்துப் பார்த்து, பின்பக்கம் எண் எழுதிவிடுங்கள். மெல்லிய கல்லுக்கு அடியில் பசையைக் கூட்டி மட்டம் பார்க்க வேண்டும். கல்லை இழைத்து மட்டமாக்க நினைக்காதீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அதற்குப் பின்னால் மணலும் சிமென்ட்டும் போட்டு எடுப்பது இந்தக் கல். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. வண்ணம் மேலே மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது.

பெரும்பாலோர் சறுக்குவது இணைப்பு நிரப்பும்போது. சூளையில் சுடாத கல், நிறத்தை உறிஞ்சும். கறுப்பு நிற கிரௌட்டைத் தடவினால் வெள்ளைப் பூ சாம்பலாகிவிடும். ஆகவே முதலில் உள்ளிறங்கும் சீலர் இரண்டு பூச்சு, அது காய்ந்த பிறகு வெளிர் நிற கிரௌட், வழிந்ததை உடனுக்குடன் ஈரப் பஞ்சால் துடைப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

மேசையில் ரசமோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் உடனே துடையுங்கள். புளிப்பு சிமென்ட்டை அரிக்கும். மங்கிய வட்டம் பாலிஷுக்குப் போகாது. ஆசிட் வேண்டவே வேண்டாம். மாதம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்து, சில சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவி உலர்ந்த துணியால் நன்றாக வழித்தெடுங்கள். எண்ணெய் மிஞ்சினால் தூசி ஒட்டிக் கறுக்கும்.


கேள்வி: கண்ணாடியில் வரைந்த பழைய கிருஷ்ணர் படம். பின்பக்கம் ஒரே தூசி. துடைக்கலாமா?
– வாசகர், கோனாப்பட்டு

பதில்: கூடாது. அந்த ஓவியம் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஈரம் பட்டால் வண்ணம் செதிலாகக் கழன்று வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும், லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால், ஓரம்வரை போகாமல் துடையுங்கள். பின்பலகை உளுத்திருந்தால், படத்தைக் குப்புற வைத்து, அனுபவமுள்ள, படத்துக்குச் சட்டம் போடுபவரைக் கொண்டு பலகையை மட்டும் மாற்றுங்கள். புதுப் பலகை ஓவியத்தைத் தொடாதபடி ஓரத்தில் மெல்லிய மரச்சட்டம் வைக்கச் சொல்லுங்கள்.


கேள்வி: சடங்குக்கு வாங்கிய ஓலைக் கொட்டான்கள் நிறைய இருக்கின்றன. விளக்குக் கூண்டாக மாற்றலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மாற்றலாம். எல்.ஈ.டி. பல்பு மட்டும், அதுவும் 5 வாட்ஸுக்குள். குண்டு பல்பின் சூட்டில் ஓலை முறுகித் தீப்பிடிக்கும். அடியில் ஹோல்டர் அளவுக்குத் துளை போடும் முன், வெட்டப்போகும் கோட்டைச் சுற்றி ஃபெவிகாலை விரலால் தடவிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் ஓர் ஓலை அறுந்ததும் பின்னல் முழுக்கப் பிரியும். பல்புக்கும் ஓலைக்கும் இடையே நாலு விரல் இடைவெளி வேண்டும், சின்னக் கொட்டானை விட்டுவிடுங்கள். பூஞ்சை பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் சாயம் வெளுத்து, ஓலையும் முறிய ஆரம்பிக்கும்.